பிரிக்காத பெட்டிகள்

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது அவனுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவன் ‘பாக்கலாம்’. வேலை செய்கிற லிஃப்ட் கம்பெனியில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “பாக்கலாம் வந்துட்டாரா?” “பாக்கலாமுக்கும் ஒரு டீ சொல்லு.” சினிமாவுக்குப் போவோமா என்று கேட்டால் பாக்கலாம் என்பான். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுவோமா என்றாலும் பாக்கலாம்தான். கடைசியில் அந்தப் பல்லே வெறுத்துப்போய்த் தானாக விழுந்தது.

இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற பெரிய கட்டடங்களில் பாதிக்கு மேல் அவன் கை பட்டு ஓடுகின்றன. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி, அறுபத்தொரு படி. ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வருவான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

நான் அவனுடைய தங்கை. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததில் வருத்தமும் இல்லை. கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்கள் விற்கிற ஒரு பெரிய கடையில் வாரன்டி கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். உடைந்த சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்வதுதான் என் வேலை. எட்டு மணி நேரம் முடியாது முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே பாக்கலாம் பாக்கலாம் என்று ஒருத்தன். எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். நீளாமல் என்ன செய்யும்?

அண்ணி போனதும் அந்தச் சொல்லால்தான். அவள் கெட்டவள் இல்லை, அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். வேறு ஊரில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்தது. நீங்களும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்றாள். பாக்கலாம் என்றான். ஒரு வருஷம் பொறுத்தாள், இரண்டு வருஷம் பொறுத்தாள், பிறகு ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கோர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது மட்டும் இந்த மகாராசன் உடனே போட்டான். அப்புறம் அவள் இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். அவரும் தங்கமான மனுஷர் என்றுதான் கேள்வி. யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். மோட்டார் அறைகளிலேயே காலம் தள்ளியதில் அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவான், நான் சமையலறையில் இருந்தாலும் எனக்கு எல்லாம் கேட்கும்.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

“ஸ்கூல் எப்படிப் போகுது?”

“ம், போகுது.”

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“ம்.”

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. குழந்தை பதினாலு வயதுப் பெண் ஆகிவிட்டாள், இவன் கேள்விகள் மட்டும் ஒன்பது வயதிலேயே நின்றுகொண்டிருந்தன.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேச்சு. கடல் நடுவில் ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம். முக்கால்வாசி ஆட்டத்தைத் தனியாகவே ஆடிவிடலாமாம். கடைசியில் ஒரு பெரிய இரும்புக் கதவு வருமாம். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நெம்புகோல், அந்தக் கோடியில் ஒரு நெம்புகோல். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு ஆளால் முடியாது.

“என் ஃபிரண்ட்ஸ் யாருக்கும் இந்த கேம் பிடிக்கலப்பா. மெதுவா போகுதுங்கறாங்க. நீங்க ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்கப்பா. நீங்க அங்கேருந்து, நான் இங்கேருந்து. நீங்க லிஃப்டையே இழுக்கறவரு, இத இழுக்க மாட்டீங்களா?”

அவன் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். கடைசியாக அவன் அப்படிச் சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

“வாங்கிடறேம்மா,” என்றான். பாக்கலாம் என்று சொல்லவில்லை. நான் அப்படியே ஆடிப்போய்விட்டேன்.

“அப்ப நான் அந்தக் கதவுகிட்டயே நிக்கிறேம்பா. நீங்க வர்ற வரைக்கும் வேற எங்கயும் போகல.”

மறுநாளே கடைக்கு வந்தான். லிஃப்ட் பராமரிப்புக்குக் கம்பெனியில் கொடுக்கிற கட்டம் போட்ட நோட்டு ஒன்று கையில். எங்கள் முதலாளி அவனை உட்காரவைத்து, ரெடியாகச் சேர்த்துப் பூட்டி வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார்.

“உங்க பட்ஜெட்டுக்கு இது போதும் சார். எடுத்துட்டுப் போய் சொருகினா ஓடும்.”

அண்ணன் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னான். உள்ளே எட்டிப் பார்த்தான். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்தான்.

“இது எவ்வளவு பாரம் தாங்கும்?”

“இதுல இருக்கற சாமானுக்குத் தாராளமாத் தாங்கும் சார்.”

“பத்து பேர் ஏறுற லிஃப்டுக்கு நாங்க பத்து பேருக்குக் கயிறு போடறதில்லீங்க. நூறு பேருக்குப் போடுவோம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. குறைந்த விலையில் விளையாட்டு ஓடுகிற பெட்டி ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்துப் பூட்டுவது பெரிய வித்தையே இல்லை. எங்கள் கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் லிஸ்ட் போட்டு, சாயங்காலம் ஆடிக்கொண்டிருப்பார்கள். என் அண்ணன் பதினேழு லிஸ்ட் போட்டான். கணக்குப் போடுகிற பிராசசர் பலமாக இருந்து, படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு மட்டமாக இருந்தால் ஒன்று ஓடும், மற்றது பின்னால் நொண்டும். கார்டு பலமாக இருந்தால் பிராசசர் நொண்டும். இரண்டையும் சரிக்கட்டினால் பவர் சப்ளைக்குக் காசு எட்டாது. ஒன்றைக் கூட்டுவான், ஒன்றைக் குறைப்பான், பக்கத்தைக் கிழிப்பான்.

“எதையாவது ஒன்ன வாங்கித் தொலையேன்,” என்று ஒரு நாள் கத்தினேன்.

“அவளோட ஆடும்போது படம் நின்னு நின்னு வந்தா அவ என்ன நினைப்பா? அப்பா இங்கயும் லேட்டுன்னு நினைக்க மாட்டா?”

 அவன் கிழித்துப் போட்ட பக்கங்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

கடையில் தள்ளுபடி வந்தபோது முதலில் மதர்போர்டையும் பிராசசரையும் வாங்கினான். எல்லாப் பாகமும் உட்காருகிற பலகைதான் மதர்போர்டு. அதில் பிராசசர் உட்காரும் இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய கம்பிப் பின்கள் நின்றுகொண்டிருக்கும், ஒன்று வளைந்தாலும் பலகை வீண். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் சொன்னேன்.

“அண்ணா, பெட்டியப் பிரிச்சு ஒரு தடவ பாத்துடு. ஏழு நாளுக்குள்ளன்னாதான் கடைல மாத்தித் தருவாங்க.”

“எல்லாச் சாமானும் வரட்டும்.”

“சும்மா பிரிச்சுப் பாக்கறதுக்கு என்ன?”

“ஒரு வேலைக்கு வேண்டியதெல்லாம் கைக்கு வந்து சேராம எதையும் பிரிக்கக் கூடாதுடி. அது எங்க தொழில்ல சட்டம்.”

சட்டமாம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு பாகத்துக்காகப் பத்தொன்பது நாள் காத்திருந்தார்கள். ஐந்தாவது மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து இவனும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவள் கதறினாளாம். அதற்குப் பிறகு இன்றுவரை, எல்லாம் கையில் இல்லாமல் அவன் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. லிஃப்டுக்கு அது சரி. கம்ப்யூட்டருக்கு அது சரியில்லை என்று, தினமும் நாலு பேருக்கு முடியாது சொல்கிற எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்து வந்து பிரிக்கவைத்திருக்க வேண்டும். வாயால் மட்டும் கத்திவிட்டு விட்டுவிட்டேன்.

பெட்டி பெட்டியாக அலமாரி மேல் ஏறியது. ஞாபகத்துக்கு ராம். அப்புறம் சேமித்து வைக்க எஸ்எஸ்டி. கேபினெட்டுக்கு ஒரு மாதம், பவர் சப்ளைக்கு இரண்டு மாதம். கடைசியில் கிராபிக்ஸ் கார்டில் வந்து நின்றான். புதிய மாடல் வரப்போகிறது, வந்தால் பழையது விலை இறங்கும் என்றான். புதியது வந்தது, பழையது விலை ஏறியது. இறங்கும் இறங்கும் என்று மூன்று மாதம் உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்பாள். “வந்துடுச்சாப்பா?”

“இன்னும் ஒரே ஒரு சாமான்தாம்மா.”

“நான் அங்கயேதான் நிக்கிறேன். மழை வேற பெய்யுதுப்பா அந்த கேம்ல.”

“நனையாம நில்லும்மா.”

இப்படியே போனது. எங்கள் கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட விடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சிச் சம்மதம்கூட வாங்கினேன். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டான்.

“இரவல் பெட்டில என் பொண்ணோட ஆடணுமா? நம்ம வீட்டுக்குன்னு ஒன்னு வந்துட்டா வாராவாரம் ஆடலாம்டி.”

பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறுபடியும் “ம்”, “ம், போகுது”. அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, மறு வாரமே போய்க் கார்டை வாங்கிவிட்டான். என்ன விலைக்கு என்று சொல்லவில்லை. அவனுடைய மோதிர விரலில் இத்தனை வருஷமும் கழற்றாமல் கிடந்த மோதிரம் இல்லை. 

முதல் லிஸ்ட் போட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தரையில் வெள்ளைத் துணி விரித்தான். ஏழு பெட்டிகளையும் வரிசையாக வைத்தான். திருகுகளை அளவு வாரியாகக் கிண்ணங்களில் போட்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினான். டீவியைத் திரையாக வைத்துக்கொள்ள வயர்கூடத் தயார். “நாளைக்குப் பத்து மணிக்கு நாமளே அவளக் கூப்பிடுவோம். அப்பா கதவுகிட்ட வந்துட்டேன்னு சொல்லுவோம்,” என்றான். முகமெல்லாம் பல்.

மதர்போர்டை எடுத்தான். பிராசசர் உட்காரும் இடத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். பிராசசரைக் கையில் எடுத்தவன் அதை வைக்காமல் குனிந்து பார்த்தான்.

“இங்க வா,” என்றான்.

நான் பூதக் கண்ணாடியோடு போனேன். ஒரு மூலையில் நாலு பின்கள் படுத்துக் கிடந்தன. தொழிற்சாலையில் வளைந்ததோ, வண்டியில் வரும்போது வளைந்ததோ, யார் கண்டது! வாங்கிய அன்றைக்கே பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்திருப்போம்.  என் வாய் நீளம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை என் கவுன்டருக்கு எதிரே டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். பின்வாசல் வழியாக வா, முதலாளியிடம் பேசலாம் என்று நான் சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். அவனுக்கு முன்னால் ஆறு பேர். அவன் முறை வந்தபோது பெட்டியையும் பில்லையும் மேஜை மேல் வைத்தான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். மேலே கேமரா இருந்தது. நான் என்ன செய்வேன்?

“ஏழு நாள் தாண்டிடுச்சுங்க. பின் வளைஞ்சிருந்தா கம்பெனி வாரன்டியும் கிடையாதுங்க. மன்னிச்சுக்குங்க.”

இந்தப் பாட்டை ஒரு நாளைக்கு நாலு முறை பாடுகிறவள் நான். அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பரவாயில்லீங்க,” என்றான் என் அண்ணன், என்னிடம். பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் கையை விரித்தார். அந்த வகைப் பலகை இப்போது வருவதே இல்லை. புதிதாக வருகிற பலகைகளில் அவன் வாங்கிய பிராசசர் உட்காராது, அவன் வாங்கிய ராமும் சேராது. எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும், வாங்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் ஊசியை வைத்து அந்த நாலு பின்களை நிமிர்த்திப் பார்த்தான். எழுநூறு கிலோ லிஃப்ட் பெட்டியை அரை அங்குலம் பிசகாமல் நிறுத்துகிற கை. மூன்று நிமிர்ந்தன, நாலாவது ஒடிந்து ஊசி முனையோடு வந்தது. பழைய சாமான் கடைகளில் விசாரித்தான். வந்தால் சொல்கிறோம் என்றார்கள்.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. “இன்னும் ஒரே ஒரு சாமான்தாம்மா,” என்று அவள் கேட்காமலே ஒரு முறை சொன்னான். “சரிப்பா,” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன். ஞாயிறு இல்லாமல் அவள் கூப்பிட்டதே கிடையாது. பதறிப்போய் எடுத்தான்.

“அப்பா, ஒரு ஹெல்ப். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அங்கிள் ஒரு கம்ப்யூட்டர் பூட்டணுங்கறாரு. கம்மி பட்ஜெட்தான். என்னென்ன வாங்கணும்னு அவருக்குத் தெரியல. நீங்க லிஸ்ட் போட்டுத் தர்றீங்களா?”

அங்கிள் என்றால் அண்ணி கட்டிக்கொண்ட அந்த மனுஷர்தான்.

“அவருக்கு எதுக்கும்மா?”

அவள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அந்தக் கதவு இருக்குல்லப்பா… நான் இன்னும் அங்கதான் நிக்கிறேன். அங்கிள் பாத்துட்டு, நான் வேணா வந்து இழுக்கறேனேன்னாரு.”

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. நோட்டைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எழுதிக்கம்மா,” என்றான்.

பத்து நிமிஷம். பிராசசர் இது, பலகை இது, ராம் ஒன்று வேண்டாம் இரண்டாக வாங்கு, கார்டு இது, அடுத்த மாடல் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை, ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. தினமும் பத்து லிஸ்ட் பார்க்கிறவள் நான். அதைவிட நல்ல லிஸ்ட்டை அந்தக் காசுக்கு யாராலும் போட முடியாது.

“அவருகிட்ட சொல்லும்மா. பவர் சப்ளைல கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கச் சொல்லு. ஒன்னொன்னா வாங்க வேண்டாம். வாங்கின அன்னைக்கே பிரிச்சு, பலகைல மூடியத் தூக்கி பின்னெல்லாம் நேரா நிக்குதான்னு பாக்கச் சொல்லு. காத்திருக்க வேண்டாம்னு சொல்லு.”

“சரிப்பா. தேங்க்ஸ்ப்பா. நீங்க சூப்பர்ப்பா.”

 “உனக்குப் பைத்தியமா? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?” என்று பாய்ந்தேன்.

“புள்ள ஒரு வருஷமா மழைல நிக்கிறாடி,” என்றான்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது.

“அப்பா, கதவு திறந்துடுச்சு!”

“உள்ள என்னம்மா இருந்துச்சு?”

“அதச் சொன்னா உங்களுக்கு நல்லாருக்காதுப்பா. உங்களுது வந்ததும் நீங்களே ஆடித் தெரிஞ்சுக்குங்க. சரிப்பா, வைக்கட்டுமா? அங்கிள் கூப்பிடறாரு, அடுத்தது போகணும்.”

“போம்மா, போம்மா.”

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடையில் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு படகு. இரண்டு பேர் உட்காரலாம். ஏறிவிட்டால் அந்தத் தீவுக்குத் திரும்பி வர முடியாது. அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அண்ணன் போனைச் சார்ஜில் போட்டான். அலமாரி மேல் இருந்த பெட்டிகளின் தூசியைத் துணியால் துடைத்தான், ஏழு பெட்டியையும் மறுபடி அடுக்கினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அந்தப் போர்டு எங்கயாவது பழசா கிடைக்குமான்னு உங்க கடைல இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறியா?”

கிடைக்காது. கிடைத்தாலும் அங்கே நிற்பதற்கு யாரும் இல்லை. எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்கிற எனக்கு அது வரவில்லை.

“பாக்கலாம்ணா,” என்றேன்.